வீட்டில் நன்றாக வாசிக்கிறாள், மேடையில் வில் நடுங்குகிறது: கன்சர்வேட்டரியில் இதற்குப் பயிற்சி உண்டா?

கேள்வி இதுதான். சென்னையில் மேற்கத்திய வயலின் கற்ற பெண், எட்டாம் கிரேடு (கிரேடு தேர்வுகளின் கடைசிப் படி) நல்ல மதிப்பெண்ணில் முடித்து, லண்டனில் ஒரு கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், நான்கு வருட இளங்கலைக்கு இடம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் அருமையாக வாசிப்பவளுக்கு, நாலு பேர் முன்னால் நின்றால் வில் நடுங்குகிறது. அங்கே மேடைக்கென்று தனியாகப் பயிற்சி தருவார்களா, அல்லது ஆசிரியரிடம் பாடம் மட்டும்தானா, கிளம்புவதற்கு முன் இங்கேயே ஏதாவது செய்யலாமா என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார்.

தருவார்கள். ஆனால் கால அட்டவணையில் மேடைப் பயிற்சி என்று பெயர் போட்டு நடக்கும் வகுப்பு அதில் சின்னப் பங்குதான். மீதி எல்லாம் வேறு வேறு பெயர்களில் நடக்கும், எது எதற்கு என்று யாரும் உட்காரவைத்து விளக்கமாட்டார்கள். அங்கே படித்துவிட்டு வந்து இப்போது இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாதகம் செய்யும் அறையில் நாம் எதைப் பழகுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பிசிறு தட்டினால் நிற்கிறோம், அந்த இடத்தை நாலு தடவை வாசிக்கிறோம், சரியானதும் மேலே போகிறோம். கற்றுக்கொள்ள அதுதான் வழி, அதில் தப்பே இல்லை. ஆனால் தினமும் மணிக்கணக்கில் இதையே செய்தால், தப்பு வந்தால் நில் என்பதும் கூடவே பழகிவிடுகிறது. மேடையில் அதே தப்பு வரும்போது கை போய்க்கொண்டிருக்கும், மனசு மட்டும் அங்கேயே நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், நாலு பார் (தாளக் கட்டங்கள்) தள்ளி அடுத்த தப்பு விழும். உங்கள் மகளுக்கு நடப்பதில் பாதி இது என்றுதான் நினைக்கிறேன். கன்சர்வேட்டரிகள் தரும் மேடைப் பயிற்சி என்ன பெயரில் வந்தாலும், அதன் அடியில் இருப்பது தப்பு நடந்த பிறகும் வாசிப்பைக் கைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும் திறமைதான். பயத்தைப் போக்குவது யாருடைய நோக்கமும் இல்லை, போகவும் போகாது. விளாடிமிர் ஹோரோவிட்ஸ் மாதிரி ஒரு பியானோ கலைஞரே 1953இலிருந்து 12 வருடம் மேடை ஏறாமல் இருந்திருக்கிறார்.

கிரேடு தேர்வு இதற்கு உதவாதா என்றால், பெரிதாக இல்லை. ஒரு அறை, ஒரு மேசை, எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு தேர்வாளர், மூன்று உருப்படி, முடிந்ததும் நன்றி. அதில் வாங்கும் மதிப்பெண் வாசிப்பின் தரத்தைச் சொல்லும். முக்கால் மணி நேரம் மேடையில் நின்று வாசிக்கும் தெம்பு இருக்கிறதா என்பது அதில் தெரியவே தெரியாது.

சரி, அங்கே என்ன நடக்கும்? ஆசிரியரோடு தனிப்பாடம் வாரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருக்கும். என் கணக்கில் அதைவிட முக்கியமானது ஸ்டூடியோ வகுப்பு. ஒரே ஆசிரியரிடம் படிக்கும் எல்லா மாணவர்களும் ஒன்றாகக் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. இது புதுசும் இல்லை. ஜெர்மனியின் வைமாரில் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசைமேதை பியானோ சொல்லிக்கொடுத்ததே இப்படித்தான், ஒருவர் வாசிப்பார், அறை முழுக்க மற்ற மாணவர்கள் இருப்பார்கள். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ரிக்டர், கிலெல்ஸ் என்ற பெரிய பியானோ கலைஞர்கள் இருவருக்கும் ஆசிரியராக இருந்த ஹைன்ரிக் நெய்காவுஸ் வகுப்பும் அப்படித்தான், பாடம் என்பதே ஒரு கூட்டத்தின் முன்னால் நடப்பது.

இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்பதுதான் விஷயம். ரசிகர்கள் கிடையாது. அதே உருப்படியை வாசிக்கிறவர்கள், எந்த இடத்தில் விரல் மாற்றம் கஷ்டம், எங்கே சுருதி விலகும் என்று தெரிந்தவர்கள், அடுத்த மாதம் அதே போட்டிக்கு வரப்போகிறவர்கள். வாசிக்க இதைவிடச் சங்கடமான சபை உலகத்தில் கிடையாது. இரண்டு வருடம் இந்தக் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தவர்களுக்கு டிக்கெட் வாங்கி வரும் ஜனங்கள் பெரிய பாரமாகத் தெரியமாட்டார்கள். நல்ல ஆசிரியர் இங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பார்: என்ன ஆனாலும் நிறுத்தக்கூடாது, முடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கக்கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூடாது. முகம் சுளிப்பதை நிறுத்துவது அற்ப விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தப்பு நடந்ததே வாசித்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

உங்கள் மகளுக்கு ஒரே ஒரு அறிவுரை சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: ஸ்டூடியோ வகுப்பில் வாசிக்க யார் தயார் என்று கேட்கும்போது, தயாராக இல்லாவிட்டாலும் கை தூக்கவேண்டும். தயாரான பிறகு போகலாம் என்று காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு டெர்முக்கு ஒரு தடவை வாசிப்பார்கள், அந்த ஒரு தடவையும் தேர்வு மாதிரி ஆகிவிடும்.

மேடை ஏற ஏறத்தான் மேடை பழகும் என்பதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட இடம் ஃபிலடெல்பியாவில் உள்ள கர்ட்டிஸ். 1924இல் தொடங்கி 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்காத கல்லூரி அது. அங்கே மாணவர் கச்சேரிகள் கல்வியாண்டு முழுக்க வாரத்துக்குப் பலமுறை நடக்கும், பொதுமக்களும் வந்து கேட்கலாம். பாரிஸ் கன்சர்வேட்டரியின் பழைய வழி வேறு. 1795இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் நீண்ட காலம் வருடாந்தரப் பரிசுத் தேர்வுதான் எல்லாமாக இருந்தது. அதற்கென்றே இசையமைப்பாளர்களிடம் உருப்படி எழுதி வாங்குவார்கள். ஃபோரே 1898இல் புல்லாங்குழலுக்கு எழுதிய ஃபான்டசி, டெபுஸி 1910 தேர்வுக்காக கிளாரினெட்டுக்கு எழுதிய ராப்சொடி எல்லாம் அப்படிப் பிறந்தவைதான், இன்று உலகம் முழுக்கக் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். ஒரே உருப்படியை வகுப்பே வரிசையாக வாசிக்க, நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். இதில் நெஞ்சுரம் வளர்ந்தவர்களும் உண்டு, நொறுங்கிப்போனவர்களும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நான் கர்ட்டிஸ் வழியைத்தான் சொல்வேன். லண்டன் கல்லூரிகள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கின்றன: மதிய நேரக் கச்சேரிகள், தேவாலயங்களில் வாசிக்கும் வாய்ப்புகள் நிறைய, வருடக் கடைசியில் ரிசைட்டல் (தனிக் கச்சேரி) தேர்வு.

மாஸ்டர் கிளாஸ் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள், புகைப்படம் வேறு வரும். வெளியிலிருந்து வரும் பெரிய கலைஞர் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஒரு மாணவரை மேடையில் வைத்துத் திருத்துவது. கேட்கிறவர்களுக்கு நல்ல விருந்து. வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றிரண்டு நல்ல யோசனைகள் கிடைக்கலாம், ஆனால் முழுதாக ஒரு தடவை வாசித்த பிறகு மீதி நேரமெல்லாம் நிறுத்தி நிறுத்தித்தான் போகும். மேடைக்கான பயிற்சியாக அதை எண்ணவேண்டாம்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் ஒரு சுவாரசியமான ஏற்பாடு உண்டு, பெர்ஃபார்மன்ஸ் சிமுலேட்டர் என்று பெயர். ஏரன் வில்லியமன் என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கியது. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் இடம், அரங்கம் நிறைவதைக் காட்டும் திரை, கூப்பிடும் மேடை நிர்வாகி, பளீரென்ற விளக்கு எல்லாம் உண்டு. உள்ளே போனால் திரையில் ஆள் உயரத்துக்குப் பார்வையாளர்கள், முன்பே படம் பிடித்து வைத்திருப்பது. கைதட்டல் பலமாக வேண்டுமா, ஒப்புக்கு வேண்டுமா என்று கட்டுப்படுத்தலாம், நடுவில் இருமல் வரவைக்கலாம், செல்போன் அடிக்கவிடலாம். ஆடிஷன் வேண்டுமென்றால் 3 நடுவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். படத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் 2014இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், போலி நடுவர்களுக்கு முன்னாலும் உண்மையான நடுவர்களுக்கு முன்னாலும் வாசித்தவர்களின் பதற்றமும் இதயத்துடிப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. சோதித்தது ஒரு டஜனுக்கும் குறைவான வயலின் மாணவர்களை என்பதால் இதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஆனாலும் பதற்றம் பெரும்பாலும் வாசிப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் ஏறுகிறது என்பது வாசிக்கிற எவருக்கும் தெரியும், காத்திருக்கும் அறையையும் சேர்த்துப் பழக்குவது அதனால்தான் புத்திசாலித்தனம். இயந்திரம் இல்லாத கல்லூரியில் படித்தால் நஷ்டமா என்றால் இல்லை. ஸ்டூடியோ வகுப்பு ஒழுங்காக நடந்தால் அதுவே போதும்.

ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் என்பது இன்னொரு வித்தை. முதல் இரண்டு வருடத்தில் அவளுக்குத் தேவைப்படாமலும் போகலாம், ஆனால் வேலை என்று வரும்போது பெரும்பாலானவர்களுக்கு வாசல் இதுதான். மொஸார்ட் கான்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் உருப்படி) ஒன்றின் தொடக்கம், பிறகு சிம்பனிகளிலிருந்து துண்டு துண்டான பகுதிகள்: ஸ்ட்ராஸின் டான் ஜுவான் முதல் பக்கம், ஷூமன் இரண்டாம் சிம்பனியின் ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதி, மொஸார்ட்டின் 39ஆம் சிம்பனி என்று உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே பட்டியல். அமெரிக்காவில் முதல் சுற்று திரைக்குப் பின்னால்தான். வாசிப்பவர் பேசக்கூடாது, காலணிச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கம்பளம் விரித்திருப்பார்கள். டான் ஜுவான் முதல் வரி எடுத்த எடுப்பிலேயே பாய்ச்சல், சூடுபிடிக்க அவகாசமே கிடையாது. இங்கே இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. அதனால் கல்லூரியில் போலி ஆடிஷன் வைப்பார்கள். பகுதிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, வந்ததை ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு அடுத்த சீட்டு. அமெரிக்க ஒலிம்பிக் டைவிங் அணிக்கு உளவியல் பயிற்சி கொடுத்த டான் கிரீன், பிறகு நியூயார்க்கில் உள்ள ஜுலியார்ட் கல்லூரியில் இசை மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். பலகையிலிருந்து குதிக்கிறவருக்கும் டான் ஜுவான் தொடங்குகிறவருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: முதல் நொடியிலேயே எல்லாம் சரியாக இருக்கவேண்டும். மூச்சை நிதானப்படுத்தி, உடம்பின் எடையைக் கீழே இறக்கி, ஒலியை மனசுக்குள் கேட்டுவிட்டுப் பிறகு தொடங்குவதை ஒரு சடங்கு மாதிரி பழக்குவார்.

மனப்பாடம் அடுத்த பெரிய பயம். இதில் ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளரும் பியானோ கலைஞர் காப்ரியேலா இம்ரேயும் சேர்ந்து செய்த வேலை எனக்குப் பிடிக்கும். பாகின் இத்தாலியன் கான்செர்டோ மூன்றாம் பகுதியை இம்ரே மனப்பாடம் செய்த சாதகம் முழுவதையும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அதில் தெரிந்தது, கைப்பழக்கத்தை மட்டும் நம்பாமல், உருப்படியின் அமைப்பில் சில இடங்களை மைல்கல்லாக வைத்து அங்கெல்லாம் உணர்ந்து கடப்பது. இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதிக்காட்டச் சொன்னபோதும் பகுதிகளின் தொடக்கங்கள்தான் அவர் நினைவில் நன்றாக நின்றன. வயலினில் இதன் அருமை பாகின் ஜி மைனர் சொனாட்டா ஃபியூக் வாசிக்கும்போது தெரியும். அதே கரு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போகும். கை பழக்கதோஷத்தில் தப்பான திருப்பத்தில் திரும்பினால் இரண்டு பக்கம் தாவிவிடலாம், இல்லை வாசித்ததையே மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கலாம். பயிற்சி எளிது, ஆனால் சலிப்பாக இருக்கும்: உருப்படியில் எட்டுப் பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, கடைசியிலிருந்து முன்னோக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் யோசிக்காமல் தொடங்க முடிகிறதா என்று பார்ப்பது. நடுவில் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அந்த இடத்துக்குத் தாவ வேண்டும். மேடையில் தடுமாறினால் அடுத்த மைல்கல் எங்கே என்று கைக்குத் தெரியும்.

இனி நடுங்கும் வில். இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பதற்றத்தில் அட்ரினலின் ஏறும், விரல்கள் சில்லிட்டுப்போகும், சின்னத் தசைகள் நடுங்கும். வேகமான பகுதியில் இது வெளியே தெரியாது. மெதுவாக, மென்மையாக, ஒரே வில்லில் நீளமாக இழுக்கும் இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். செசார் பிராங்க் சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ 4 பார் வாசிக்கும், வயலின் அதுவரை சும்மா நிற்கவேண்டும், பிறகு அவ்வளவு மென்மையாக உள்ளே நுழையவேண்டும். அந்த 4 பாரில்தான் எல்லாம் நடக்கும். நடுங்கப்போகிறது என்று தெரிந்ததும் கட்டைவிரல் இறுகும், ஆள்காட்டி விரல் வில்லை அழுத்திப் பிடிக்கும், மூச்சு நின்றுபோகும், வில்லை இன்னும் மெதுவாக இழுக்கத் தோன்றும். நாலுமே நடுக்கத்தை அதிகமாக்கும். செய்யவேண்டியது நேர் எதிர். கட்டைவிரலை வளைத்து இளக்கமாக வைத்து, பிடியை விரல்களில் வைக்காமல் மேல்கையின் எடையில் விட்டு, வில்லை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே இழுத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொடங்கவேண்டும். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. இதை அமைதியாக இருக்கும்போது ஆயிரம் தடவை செய்தாலும் மேடையில் வராது, அதனால் மாடிப்படி இரண்டு மூன்று தடவை ஓடி ஏறி இறங்கி, இதயம் படபடக்கும்போதே வயலினை எடுத்து மெதுவான பகுதியைத் தொடங்கிப் பழகவேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உடம்பு அந்த நிலையில் வாசிக்கக் கற்றுக்கொள்ளும். அலெக்ஸாண்டர் டெக்னிக் என்று உடல் நிலையைச் சரிசெய்யும் பாடம் லண்டன் கல்லூரிகளில் கிடைக்கும். சிலர் அதைக் கோயில் மாதிரி கும்பிடுவார்கள், எனக்கு அவ்வளவு பக்தி இல்லை, ஆனால் கழுத்தும் தோளும் இறுகுகிற பிள்ளை என்றால் ஒரு டெர்ம் போய்ப் பார்க்கலாம்.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே போனால் அவள் காதில் விழும், அதனால் சொல்லிவிடுகிறேன். ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் என்பது உண்மை. 1987இல் அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் எடுத்த கணக்கெடுப்பில் 100க்கு 27 பேர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஒழுக்கக்கேடு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து, இரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் ஒத்துவராது. அறைத்தோழி கொடுத்தாள் என்று வாங்கிப் போடவே கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான். படிக்கிற வயதில் முதல் வழியாக அதைப் பிடித்துக்கொண்டால் வில் தானாக அடங்குவதைக் கற்க வாய்ப்பே வராமல் போய்விடும் என்பது என் கருத்து.

மேடை நடத்தையும் சொல்லித்தருவார்கள், இது வேகமாகக் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். எப்படி நடந்துவருவது, எங்கே நிற்பது (வயலினின் துவாரங்கள் சபையைப் பார்க்கவேண்டும், பியானோ கலைஞரின் கண்ணிலும் படவேண்டும்), எவ்வளவு குனிவது, சுருதி சேர்ப்பதை எவ்வளவு சீக்கிரம் முடிப்பது. கச்சேரிக் காலணியையும் உடையையும் போட்டுக்கொண்டு ஒரு தடவையாவது முழுதாக வாசித்துப் பார்க்கவேண்டும், தோள் பகுதி வழுக்குகிற துணி என்றால் அன்றைக்குத் தெரிந்து பயனில்லை. தேர்வு ரிசைட்டலில் நேரக் கணக்கு கறார். பல இடங்களில் நேரம் மீறினால் மதிப்பெண் போகும், சில இடங்களில் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் பியானோ வாசிப்பவரோடு ஒத்திகை மிகக் குறைவாகத்தான் கிடைக்கும், முன்கூட்டியே நேரம் வாங்கிவைக்காத பிள்ளைகள் தேர்வு வாரத்தில் அல்லாடுவார்கள். வேகத்தை வாயால் சொல்லாமல் ஒரு மூச்சில் காட்டித் தொடங்கப் பழகியிருந்தால் பாதி ஒத்திகை மிச்சம். நம்மூர்க் கச்சேரிகளில் ஒத்திகையே இல்லாமல் பக்கவாத்தியம் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கண்பேச்சு சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது, மேற்கத்திய மாணவர்கள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வளர்வதால் இதைத் தனியாகக் கற்கவேண்டியிருக்கிறது.

இப்போது அங்கே கல்லூரி தொடங்கும் செப்டம்பர் வரை என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். புது உருப்படி எதையும் இதற்காக எடுக்கவேண்டாம், நன்றாகத் தெரிந்த இருபது நிமிட நிகழ்ச்சி ஒன்று போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அதை ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் வாசிக்கட்டும், செல்போனில் பதிவு ஓடட்டும். பதிவை அன்றைக்கே கேட்கவேண்டாம், இரண்டு நாள் கழித்துக் கேட்கட்டும், அன்றைக்குப் பேரழிவு மாதிரி தோன்றியதில் பாதி காதுக்கே தெரியாது. அப்புறம் ஆட்களைச் சேருங்கள். முதலில் பாட்டி, தாத்தா, பக்கத்து ஃபிளாட்காரர்கள் என்று பாராட்டவே வருகிறவர்கள், பிறகு அவளோடு வயலின் படிக்கிற பிள்ளைகள், அதற்கும் பிறகு இசை தெரிந்த அந்நியர்கள். சென்னையில் மேற்கத்திய இசை கேட்கிற கூட்டம் சின்னதுதான், ஆனால் ஏ.ஆர். ரஹ்மானின் கேஎம் கன்சர்வேட்டரி 2008இல் வந்த பிறகு மாணவர் நிகழ்ச்சிகள் முன்பைவிட நிறைய நடக்கின்றன, உங்கள் ஆசிரியர் மூலமாக எங்கே ஓர் உருப்படி வாசிக்க இடம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். பியானோ வாசிக்கத் தெரிந்த நல்ல ஆள் ஒருவரைப் பிடித்து மாதம் இரண்டு முறையாவது சேர்ந்து வாசிக்கட்டும், பதிவு செய்த பக்க இசையோடு வாசிப்பது இதற்கு ஈடாகாது, அது உங்களுக்காகக் காத்திருக்காது.

நீங்கள் ஒன்று செய்யலாம்: வாசித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றும் உடனே சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சாப்பாடு போடுங்கள். பேச்சு மறுநாள் இருக்கட்டும். கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: அவளுடைய ஆசிரியரின் ஸ்டூடியோ வகுப்பு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, முதலாண்டு மாணவர்களுக்கு பியானோ கலைஞரோடு எத்தனை மணி நேரம் கட்டணமில்லாமல் கிடைக்கும். இரண்டாவதுக்குப் பதில் குறைவாக வந்தால், மாதச் செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு தொகை ஒதுக்கிவையுங்கள்.